நாமக்கல், சேலம் வட்டாரத் தொழில்களும் பெருந்தரவும்

நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துபவர்கள் நாள்தோறும் எதிர்பார்த்திருக்கும் எண் ஒன்று உண்டு. ஒரு முட்டைக்கான பண்ணைக் கொள்முதல் விலையே அது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் இந்த விலை கைபேசி வழியாகப் பண்ணைகளுக்கும் வியாபாரிகளுக்கும் போய்ச் சேர்கிறது, மறுநாள் நாளிதழிலும் வருகிறது. பத்துக் காசு ஏறினாலும் இறங்கினாலும் வெளியூர்க்காரருக்கு அது செய்தியே அல்ல. ஆனால் நாளொன்றுக்கு 50,000 முட்டை எடுக்கும் பண்ணையில் பத்துக் காசு என்பது ஒரே நாளில் 5,000 ரூபாய், மாதத்தில் ஒன்றரை லட்சம்.

இந்த எண் எப்படிப் பிறந்தது, யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்பது சுவையான வரலாறு. பெருந்தரவுப் பகுப்பாய்வு சிறு தொழில்களுக்குத் தரக்கூடிய வாய்ப்புகளையும் அதில் உள்ள இடர்களையும் புரிந்துகொள்ள, வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் கதைகளைவிட இந்த வரலாறு அதிகம் உதவும். நாமக்கல், சேலம் சமவெளியின் மூன்று தொழில்கள் வழியாக அதைப் பார்ப்போம்: முட்டை, லாரி, ஜவ்வரிசி.

பெருந்தரவு என்றால் என்ன

வழக்கமான கணக்கேட்டிலோ விரிதாளிலோ அடங்காத அளவுக்குப் பெரிதாகவும், இடைவிடாமல் வந்துகொண்டும், பல வடிவங்களில் கலந்தும் இருக்கும் தகவல் தொகுதியைப் பெருந்தரவு என்கிறோம். அளவு, வேகம், வகை என்ற மூன்று கூறுகளாக இதை 2001 இல் டக் லேனி என்ற ஆய்வாளர் வரையறுத்தார். 2004 இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரையும், 2006 இல் தொடங்கிய ஹடூப் என்ற கட்டற்ற மென்பொருளும், மலிவான கணினிகள் பலவற்றை இணைத்து இத்தகைய தரவைக் கையாளும் வழியைத் திறந்தன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பண்ணையின் தரவு பெருந்தரவு அல்ல. ஒரு பண்ணையாளர் ஆண்டு முழுவதும் எழுதும் பதிவேடு சாதாரணக் கைபேசியில் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஓராயிரம் பண்ணைகளின் பதிவேடுகளும், அவற்றோடு வானிலையும், மக்காச்சோளச் சந்தை நிலவரமும், கேரளத்துக்குப் போகும் வண்டிகளின் எண்ணிக்கையும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் பெருந்தரவு உருவாகிறது. எனவே சிறு உற்பத்தியாளர் முதலில் கேட்க வேண்டியது "எந்த மென்பொருள்?" என்பதல்ல, "யார் சேர்க்கிறார்கள்?" என்பதே.

வறண்ட நிலத்துத் தொழில்கள்

நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதற்கு முன் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. காவிரி ஓடும் பரமத்திவேலூர், மோகனூர்ப் பக்கத்தை விட்டுவிட்டால் வட்டாரத்தின் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டு நிலம். வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் மாற்று வருமானம் தேடிய உழவர் குடும்பங்களே கோழிக் கொட்டகை போட்டன, லாரி வாங்கின, திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை வடமாநிலங்கள் வரை அனுப்பின. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்வதும் துணையாயிற்று.

இந்தத் தொழில்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. பொருள் இங்கே உருவாகிறது, விலை வெளியே முடிவாகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் முட்டை எவ்வளவுக்குப் போகிறது, மும்பையில் திரும்பு லோடு கிடைக்குமா, கொல்கத்தாவில் ஜவ்வரிசிக்குத் தேவை இருக்கிறதா என்ற தகவல்கள் யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே லாபமும் இருந்தது.

1982: பண்ணையாளர் கைக்கு வந்த எண்

முட்டை வைத்திருந்து விற்கும் பொருள் அல்ல. கோடையில், குளிர்பதன வசதி இல்லாத இடத்தில், சில நாட்களுக்கு மேல் தேக்கி வைத்தால் நட்டம்தான். கோழியோ விலை பார்த்து முட்டை இடுவதில்லை. 1980களின் தொடக்கம் வரை நகரத்து மொத்த வியாபாரிகள் சொன்னதே விலை. "மேலே சரக்கு நிறைய இருக்கிறது" என்று வியாபாரி சொன்னால் அது மெய்யா பொய்யா என்று சரிபார்க்கப் பண்ணையாளரிடம் வழியில்லை. உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை போன காலங்களும் உண்டு.

1971 இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பி. வி. ராவ், நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசினார். தங்கள் முட்டைக்குத் தாங்களே விலை சொல்ல வேண்டும் என்பதே அவர் முன்வைத்த கருத்து. அதன் விளைவாக 1982 இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, சுருக்கமாக என்.இ.சி.சி., உருவானது. அதன் மண்டலங்களில் ஒன்று நாமக்கல். பிற மண்டலங்களின் விலை, கையிருப்பு, தேவை ஆகியவற்றைக் கேட்டறிந்து மண்டலக் குழு விலை அறிவிக்கும். விலை மிகவும் சரியும்போது சந்தையில் இறங்கி முட்டையை வாங்குவதற்கென அக்ரோகார்பெக்ஸ் என்ற நிறுவனமும் அமைக்கப்பட்டது. அறிவிக்கப்படும் விலை ஒரு பரிந்துரையே, யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

அக்காலத்தில் இதற்குக் கணினி தேவைப்படவில்லை. தொலைபேசியும் காகிதமும் கூட்டமுமே போதுமாயிருந்தன. ஆனால் நடந்தது என்ன? சிதறிக் கிடந்த தகவல்கள் ஓரிடத்தில் திரண்டன, அவற்றிலிருந்து ஓர் எண் வடிக்கப்பட்டது, அந்த எண் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தரவுப் பகுப்பாய்வு என்று இன்று சொல்லப்படுவதன் சாரம் இதுவே. எண்ணைச் சேர்த்தவர்களே எண்ணுக்கு உரியவர்களாகவும் இருந்தார்கள் என்பதுதான் இதில் தனித்தன்மை.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 1858 இல் நியூயார்க்கில் பெஞ்சமின் அர்னர் என்ற அச்சகத்தார் வெண்ணெய், முட்டை போன்ற பொருட்களின் சந்தை விலையைத் திரட்டி அச்சிட்டு விற்கத் தொடங்கினார். அர்னர் பேரி என்று பெயர்பெற்ற அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலை அடிப்படையாகக் கொண்டே பின்னாளில் பெரும் கடைகளும் முட்டை நிறுவனங்களும் ஒப்பந்தம் எழுதின. அங்கே விலைத் தகவல் சந்தா கட்டி வாங்கும் சரக்கு. இங்கே அது பண்ணையாளர் அமைப்பின் அறிவிப்பு. இரண்டிலும் குறைகள் உண்டு, ஆயினும் தகவலின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் இரண்டும் வேறு வேறு.

தகவல் பரவுவதால் என்ன நேரும் என்பதற்கு அண்டை மாநிலத்தில் நல்ல சான்று இருக்கிறது. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசிச் சேவை வந்தபோது மீன் சந்தைகளில் நேர்ந்த மாற்றத்தைப் பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டார். ஊருக்கு ஊர் வேறுபட்ட விலை ஒன்றோடொன்று நெருங்கியது, விற்காமல் கடலில் கொட்டப்படும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று, மீனவர் லாபம் கூடியது, வாங்குவோருக்கும் விலை சற்றுக் குறைந்தது.

மைனஸ்

நாமக்கல் வரலாறு அத்தனை நேர்க்கோடாகப் போகவில்லை. அறிவிக்கப்பட்ட விலைக்கும் பண்ணையில் வியாபாரி கொடுக்கும் விலைக்கும் இடையில் ஒரு வெட்டு விழத் தொடங்கியது. அதற்கு வட்டார வழக்கில் "மைனஸ்" என்று பெயர். அறிவித்த விலையில் இத்தனை காசு மைனஸ் என்று பேசி முடிப்பார்கள். கையிருப்பு பெருகினால் மைனஸ் கூடும், சரக்கு தட்டுப்பட்டால் குறையும். மைனஸைக் கட்டுப்படுத்தவும், மைனஸே இல்லாமல் விற்கவும் பண்ணையாளர்கள் பலமுறை முயன்றிருக்கிறார்கள்.

பகுப்பாய்வு கற்பவருக்கு இது அருமையான பாடம். அறிவிப்பு விலை வரிசையை மட்டும் பதிவிறக்கி ஒரு முன்கணிப்பு மாதிரியைக் கட்டினால், அந்த மாதிரி கற்றுக்கொள்வது அறிவிப்பைத்தான், சந்தையை அல்ல. சந்தையின் உண்மையான நாடித்துடிப்பு மைனஸில் இருந்தது, அதுவோ வாய்மொழியாகப் பேசிப் பண்ணையாளர் நோட்டில் மட்டும் எழுதப்பட்டது. எத்தனை கோடி வரிகள் இருந்தாலும், முக்கியமான ஒரு நிரல் இல்லாத தரவு குறைத் தரவே.

பஞ்சாங்கமும் பறவைக் காய்ச்சலும்

முட்டைத் தேவைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. புரட்டாசியில் தமிழ்நாட்டில் பலர் அசைவம் தவிர்ப்பதால் விற்பனை இறங்கும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதும் மீண்டும் ஓர் இறக்கம். வடக்கே சிராவண மாதத்திலும் அவ்வாறே. குளிர்காலத்தில் வடமாநிலங்களில் நுகர்வு ஏறும். ரம்ஜான் மாதமோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். ஆங்கிலத் தேதியை மட்டும் அறிந்த மென்பொருள் இங்கே தடுமாறும். பஞ்சாங்கத்தையும் அதற்குள் ஊட்ட வேண்டும்.

அரசும் பெரிய நுகர்வோர்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதும் 1982 இல்தான், என்.இ.சி.சி. பிறந்த அதே ஆண்டு. 1989 இல் அதில் முட்டை சேர்க்கப்பட்டது. படிப்படியாக உயர்ந்து 2010 இல் பள்ளிக் குழந்தைகளுக்கு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்ற நிலை வந்தது. ஆகவே பள்ளி விடுமுறைப் பட்டியலும் முட்டைச் சந்தையைக் கணிக்க வேண்டிய தரவுகளில் ஒன்றாகிவிட்டது.

இவையெல்லாம் திரும்பத் திரும்ப வருபவை. பழைய தரவிலிருந்து எந்திரம் இவற்றைக் கற்றுக்கொள்ளும். ஆனால் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோய் எட்டிப் பார்க்காத நாமக்கல்லிலும் முட்டை விலை விழுந்தது. ஏற்றுமதியும் தடைபட்டது. 2020 தொடக்கத்தில் கோழி, முட்டை வழியாகக் கொரோனா பரவும் என்ற வதந்தி கிளம்பியபோதும் அதே கதிதான். இரண்டு முறையும் கோழிகள் நலமாகவே இருந்தன, விழுந்தது மக்களின் நம்பிக்கை. நேற்று நடக்காததை நேற்றைய தரவு சொல்லாது. முன்கணிப்பு மென்பொருள் விற்க வருபவர்களிடம் பண்ணையாளர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "2006 ஐயும் 2020 ஐயும் உங்கள் மாதிரி எப்படிக் கையாண்டது?" என்பதே.

கொட்டகைக்குள்

விலை வெளியுலகத்தின் கையில் இருந்தாலும் செலவு பண்ணையாளர் கையில் இருக்கிறது. உடனடி வாய்ப்பு உள்ள இடமும் அதுதான். முட்டை உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்குப் போகிறது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். பத்தாயிரம் கோழி உள்ள கொட்டகைக்கு ஒரு நாளைக்கு 1.1 டன். உற்பத்தி குறையாமல் கோழிக்கு ஒரு கிராம் மிச்சப்படுத்த முடிந்தால் அந்தக் கொட்டகையில் தினமும் 10 கிலோ மிச்சம். ஒரு கோடிக் கோழிகளுக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 10 டன்.

பண்ணைப் பதிவேடு ஒன்றும் புதிதல்ல. இறந்த கோழி எத்தனை, கொட்டிய தீவனம் எவ்வளவு, எடுத்த முட்டை எத்தனை, உடைசல் எத்தனை அட்டை என்று நாள்தோறும் எழுதும் பழக்கம் நல்ல பண்ணைகளில் எப்போதும் உண்டு. குஞ்சு விற்கும் நிறுவனம் தரும் தரநிலை அட்டவணையோடு அதை ஒப்பிட்டு, இந்த வாரம் உற்பத்தி ஏன் இறங்கியது என்று யோசிப்பார்கள். குறைபாடு எங்கே என்றால், அந்தப் பதிவேடு கொட்டகையை விட்டு வெளியே போவதில்லை. அடுத்த ஊர்ப் பண்ணையிலும் அதே வாரம் அதே இறக்கம் நேர்ந்ததா என்பது டீக்கடைப் பேச்சில்தான் தெரியவரும்.

இதற்கு மாற்றான முன்மாதிரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. 1985 இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்குள்ள வானிலை ஆலோசனை மையம் அடுத்து வரும் நாட்களின் வெப்பம், காற்று, ஈரப்பதம் பற்றிய முன்னறிவிப்போடு கோழிப் பண்ணைக்கான அறிவுரையையும் சேர்த்து வெளியிடுகிறது. வெயில் ஏறினால் கோழி தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். முட்டை சிறுக்கும், ஓடு மெலியும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு உண்டாகும். அதைக் கண்டறியும் தீவன ஆய்வகமும் அக்கல்லூரியிலேயே உள்ளது. வானிலை, தீவன ஆய்வு முடிவு, பண்ணைப் பதிவேடு ஆகிய மூன்றையும் இணைத்தால், எந்த ஈரப்பதத்தில் எத்தனை நாள் கழித்து உற்பத்தி இறங்குகிறது என்று இந்த வட்டாரத்துக்கே உரிய விடை கிடைக்கும். வெளிநாட்டில் எழுதிய அட்டவணை தராத விடை அது.

லாரியில் ஏறிய கருவிகள்

லாரித் தொழில் தரவுக்குள் வந்த வழி வேறு. முட்டையில் பண்ணையாளர்கள் தாங்களே எண்ணைச் சேர்த்தார்கள். லாரியில் கருவிகள் பெரும்பாலும் மேலிருந்து வந்தன.

பழைய முறையில் எல்லாம் ஆளை நம்பியே நடந்தது. புக்கிங் ஆபீஸ்காரருக்கு எந்த ஊரில் எந்தச் சரக்கு எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்பது மனப்பாடம். ஓட்டுநர் போன ஊரிலிருந்து டிரங்க் கால் போட்டால் திரும்பு லோடுக்கு வழி சொல்வார், அதற்குக் கமிஷன் உண்டு. டீசல், சுங்கம், வழிச்செலவு, பேட்டா எல்லாம் ஓட்டுநரின் டிரிப் நோட்டில் இருக்கும். வண்டி திரும்பியதும் உரிமையாளரும் ஓட்டுநரும் உட்கார்ந்து கணக்கு முடிப்பார்கள். கடனும் அப்படித்தான். 1979 இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் பழைய லாரிக்குக் கடன் கொடுத்து வளர்ந்ததற்கு, வங்கிக் காகிதம் காட்ட முடியாத ஓட்டுநர்களையும் நேரில் அறிந்து எடைபோட்டதே அடிப்படை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயமாயிற்று. வண்டித் தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. டாடா மோட்டார்ஸின் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற அமைப்புகள் வண்டியின் இருப்பிடம், டீசல் செலவு, எஞ்சின் நிலை ஆகியவற்றை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பத்து நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்பும் ஒரு கருவி ஒரு நாளில் 8,640 பதிவுகளை உண்டாக்கும். ஆயிரம் லாரி என்றால் 86 லட்சத்துக்கு மேல். இப்போதுதான் உண்மையிலேயே பெருந்தரவு என்ற சொல் பொருந்துகிறது.

பயன் இல்லாமல் இல்லை. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 2,500 லிட்டர் டீசல் வேண்டும். ஓட்டும் முறையைத் திருத்தி அதை 4.2 ஆக்கினால் மாதம் ஏறத்தாழ 119 லிட்டர் மிச்சம். ஐந்து வண்டி வைத்திருப்பவருக்கு இது சிறு தொகை அல்ல. காலி வண்டியாகத் திரும்பும் தூரம் குறைந்தால் மிச்சம் இன்னும் பெரிது. 2015 இல் பெங்களூரில் தொடங்கிய பிளாக்பக் நிறுவனம் சரக்கையும் வண்டியையும் கைபேசிச் செயலியில் சேர்த்துவைக்கும் நோக்கத்தோடு வந்தது. அதன் வருவாயில் பெரும்பகுதி பின்னர் சுங்கக் கட்டணச் சேவை, வண்டிக் கண்காணிப்புக் கருவி ஆகியவற்றிலிருந்து வந்தது. 2024 நவம்பரில் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. செயலி வந்த பிறகும் புக்கிங் ஆபீஸ் மறைந்துவிடவில்லை. பணம் வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்ற கேள்விக்குச் செயலியைவிடத் தெரிந்த முகம் நல்ல விடை.

மறுபக்கத்தைச் சமையல் எரிவாயு டேங்கர்களில் காணலாம். தென்மாநிலங்களில் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரிகளில் பெரும்பகுதி நாமக்கல் வட்டாரத்து உரிமையாளர்களுடையவை. ஆபத்தான சரக்கு என்பதால் அவ்வண்டிகளைக் கண்காணிப்பது நியாயமே. யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதுவது எண்ணெய் நிறுவனம், விதி வகுப்பதும் அது, கண்காணிப்புத் திரை இருப்பதும் அங்கேதான். வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்ற தரவு அபராதத்துக்குச் சான்றாகலாம். ஆலை வாசலில் சரக்கு இறக்கக் காத்துக் கிடந்த மணிநேரங்களும் அதே தரவில்தான் இருக்கின்றன. காத்திருப்புக்குக் கூலி கேட்க அது சான்றாகிறதா? 2025 மார்ச் இறுதியில் தென்மண்டல டேங்கர் உரிமையாளர்கள் புதிய ஒப்பந்த நிபந்தனைகளையும் அபராதங்களையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது இந்த ஏற்றத்தாழ்வு வெளியே தெரிந்தது. ஒரே தரவு ஒருவருக்குச் சாட்டையாகவும் மற்றவருக்குக் கேடயமாகவும் ஆகலாம். எதுவாக ஆகும் என்பது அந்தத் தரவைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்பதைப் பொறுத்தது.

குச்சிக்கிழங்கின் பாயிண்ட்

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இருந்து திரும்பிய போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். குச்சிக்கிழங்கு என்று இவ்வட்டாரத்தில் அழைக்கப்படும் அந்தக் கிழங்கு நூற்றுக்கணக்கான சேகோ ஆலைகளை உருவாக்கியது. 1981 இல் ஆலை உரிமையாளர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். உறுப்பினர் ஆலைகளின் மூட்டைகள் சங்கக் கிடங்குக்கு வரும், மாதிரி எடுக்கப்படும், வியாபாரிகள் டெண்டரில் விலை குறிப்பிடுவார்கள். நாடெங்கும் போகும் ஜவ்வரிசியின் விலைக்கு இதனால் ஒரு பதிவு உண்டானது. 2023 இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைக்காரர் தமக்கு ஓர் எண் அமைத்துக்கொண்டார். கிழங்கு விளைவித்தவருக்கோ எண் வேறு வழியாக வருகிறது. கிழங்கின் விலை எடையை மட்டும் பொறுத்ததல்ல, மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் "பாயிண்ட்" கணக்கைப் பொறுத்தது. கிழங்கு மாதிரியை நீரில் நிறுத்திப் பார்த்து இத்தனை பாயிண்ட் என்று சொல்வார்கள். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன் விலை போடப்படும். அளவு பார்ப்பது ஆலையில். உழவர் வண்டி ஆலைக்குள் வந்து நின்ற பிறகே பாயிண்ட் தெரியும். கிழங்கைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கெடத் தொடங்கிவிடும். பாயிண்ட் கணக்கில் ஏமாற்றம் நடக்கிறது என்பது உழவர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவரும் குறை.

இங்கே பெருந்தரவுக்குப் பெரிய வாய்ப்பு உண்டு. எந்த ஊர் மண்ணில், எந்த ரகம், எத்தனை மாதத்தில், எந்த மழையில் எத்தனை பாயிண்ட் தந்தது என்ற பதிவு ஒவ்வோர் ஆலையின் கொள்முதல் சீட்டிலும் இருக்கிறது. அவற்றைத் திரட்டினால் உழவர் எப்போது பிடுங்குவது நல்லது என்று சொல்லலாம். ஓர் ஆலையின் அளவு மட்டும் மற்ற ஆலைகளைவிடத் தொடர்ந்து குறைவாக இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். இரண்டாவது பயன் இருப்பதால்தான் முதல் பயன் தாமதமாகிறது என்று நான் நினைக்கிறேன்.

நடைமுறைத் தடைகள்

செலவைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. உண்மையில் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் மேகக் கணிமை வந்த பின் அது முதன்மையான தடை அல்ல. கொட்டகையில் தூசியும் அம்மோனியாவும் உணர்கருவிகளைச் சீக்கிரம் கெடுத்துவிடும் என்பது அதைவிட நடைமுறைச் சிக்கல். ஆள் கிடைப்பது இன்னொன்று. இவ்வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் தரவு அறிவியல் படிக்கும் மாணவர்கள் படித்து முடித்ததும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். பண்ணையில் மாதம் முழுவதும் உட்கார்ந்து பதிவேட்டைப் படிக்கும் வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதும் இல்லை.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2023 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயர் சுட்டுவது போலத் தனிமனிதரைப் பற்றிய தரவைக் காக்கிறது. ஓட்டுநரின் நடமாட்டம் அதற்குள் வரலாம். ஒரு கொட்டகையின் தீவனக் கணக்கோ ஒரு லாரியின் எஞ்சின் பதிவோ தொழில் தரவு. அதை யார் வைத்துக்கொள்ளலாம், யாருக்கு விற்கலாம் என்பதைப் பெரும்பாலும் கருவியோடு வரும் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளே முடிவு செய்கின்றன. அதைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுபவர் அரிது.

எல்லாவற்றையும்விடக் கடினமான தடை, பக்கத்துப் பண்ணையாளருக்குத் தன் கணக்கைக் காட்டத் தயங்குவது. இறப்பு விகிதம் வெளியே தெரிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பான், கடன் கொடுத்தவர் கவலைப்படுவார் என்ற அச்சம் நியாயமானதே. பெயரை நீக்கிவிட்டுப் பொது நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் தரவைச் சேர்ப்பது ஒரு வழி. நாமக்கல்லில் அதற்குத் தகுந்த கல்லூரி இருக்கிறது, விலைக்காக ஒன்றுகூடிப் பழகிய அமைப்பும் இருக்கிறது.

அவ்வாறு சேர்க்கத் தொடங்கினால் முதலில் திறக்க வேண்டியவை பண்ணையாளர்களின் பழைய விற்பனை நோட்டுகள். தேதி, வியாபாரி பெயர், அட்டை எண்ணிக்கை, அறிவிப்பு விலை, மைனஸ், கைக்கு வந்த தொகை என்று பேனாவால் எழுதி, பல ஆண்டுகளாகப் பீரோவில் அடுக்கி வைத்தவை. முட்டைச் சந்தையின் உண்மை விலை வரலாறு இப்போதைக்கு அவற்றில் மட்டுமே இருக்கிறது.